நிழலும் நீரும் கூலியில் சேர்ந்தவையே

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

சென்ற சித்திரையில் நம் மதரஸாவின் மேல்தளத்திற்குக் கான்கிரீட் போட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். வேலை செய்தோர் அனைவருக்கும் நாம் மோர் வழங்கினோம். கொத்தனார்கள் வாங்கிக் குடித்தார்கள். ஜல்லி சுமந்த சித்தாள் பெண்களோ குவளையைத் தொடவில்லை. காரணம் கேட்டோம். அவர்களுள் மூத்த அம்மையார் ஒருவர் தலைகுனிந்து, "குடித்தால் எங்கே போவது பாய்?" என்றார். பள்ளிவாசலில் ஆண்களுக்குக் கழிப்பறைகள் வரிசையாக இருக்கின்றன. அப்பெண்களுக்கென்று ஒன்றை ஒதுக்கித்தர வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இக்குறையில் முதற்பங்கு நமக்கே உரியது.

அந்த அம்மையாரின் கேள்வியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் ஒருவர் நம் மாநிலத்திலேயே இருக்கிறார். அவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால். வெப்பத்தில் உழைப்போரின் உடல்நலத்தை ஆராய்வதே அவரது பணி. உப்பளம், செங்கற்சூளை போன்ற இடங்களுக்கே அவரது ஆய்வுக் குழுவினர் சென்று, அங்குள்ள வெப்பத்தை அளக்கின்றனர். உழைப்பவரின் உடல் வெப்பம், வியர்வை, சிறுநீரின் அடர்த்தி ஆகியவற்றையும் அளந்து குறிக்கின்றனர்.

2016இல் வெளிவந்த அவர்களது ஆய்வு ஒன்று 312 பெண் தொழிலாளரைப் பற்றியது. அவர்களில் 71 விழுக்காட்டினர் பாதுகாப்பான எல்லையைக் கடந்த வெப்பத்தில் உழைத்தனர். போதிய கழிப்பறை வசதியற்ற இடங்களில் பணியாற்றிய 200 பேரில் 87 விழுக்காட்டினர் சிறுநீர், பிறப்புறுப்புத் தொடர்பான உபாதைகளைக் கூறினர். 2017இல் தொடங்கி 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பற்றியது. கடும் வெப்பத்தில் உழைத்தோருக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என்று அது தெரிவிக்கிறது.

"ஓசூர் குளிர்ந்த ஊர், நமக்கு இது பொருந்தாது" என்று சிலர் கருதலாம். வெயிலின் கடுமையை நிழலில் தொங்கும் வெப்பமானி மட்டும் காட்டிவிடாது. காற்றின் ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்தே ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். அத்துடன், உழைக்கும் உடல் தானே வெப்பத்தை உண்டாக்குகிறது. நம் ஊரில் காற்று குளிர்ந்து வீசினாலும், உச்சிவெயிலில் கம்பி கட்டுபவருக்கும் தகரக் கொட்டகையில் தங்குபவருக்கும் நிலை வேறு. கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கினால் சொல்லவே வேண்டியதில்லை. தலைசுற்றிச் சாரத்திலிருந்து விழுந்தவரைத் 'தவறி விழுந்தார்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். நாமும் 'விதி' என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம். விதியை நம்புவது ஈமான்; நம் கவனக்குறைவை விதியின் மேல் சுமத்துவது ஈமான் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பணிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

நம் ஜமாஅத்தில் மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் பலர். அத்திப்பள்ளியைத் தாண்டிச் சென்று கட்டட வேலை எடுப்போரும் உண்டு. ஒடிசா, பீகாரிலிருந்து வருவோரை வேலைக்கு வைத்திருப்போரும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் நாம் வேண்டிக்கொள்வது இதுவே:

வேலை தொடங்கும் நாளிலேயே, பெண்களுக்குத் தனியாகத் தாழிட்ட கழிப்பறை ஒன்றை அமையுங்கள். குடிநீரும் நிழலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கோடையில் ஃபஜ்ரு முடிந்ததும் வேலையைத் தொடங்கி, நண்பகலில் ஓய்வு கொடுங்கள். அந்த ஓய்வுக்காகக் கூலியைக் குறைக்காதீர்கள். புதிதாக வந்தவரை முதல் நாளே முழுநேரமும் வெயிலில் நிறுத்தாதீர்கள். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பின்பு நாளுக்கு நாள் கூட்டுவது என்பது வல்லுநர் சொல்லும் முறை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர் இருந்தால், பதிவுக்கு உடன் நின்று உதவுங்கள்.

மதரஸாவில் மீதமுள்ள வேலை அடுத்த மாதம் தொடங்கவிருக்கிறது. அதற்கு முன்பே பெண்களுக்கான கழிப்பறையைக் கட்டி முடிக்க நிர்வாகம் இசைந்துள்ளது. அந்த அம்மையார் மீண்டும் வந்தால், நாம் நீட்டும் மோரைத் தயக்கமின்றி வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்கு வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.