கடை அலமாரியில் ஒரு தட்டு



வீட்டிலே சோப்பு, ஊதுவத்தி, ஊறுகாய் முதலியன செய்து விற்க விரும்பும் ஏழைக் குடும்பத்துக்குத் தனிக்கடை வைத்தல் எளிதன்று. முன்பணமும் விளக்குச் செலவும் ஆள் கூலியும் முதலையே விழுங்கிவிடும். நடந்துவரும் கடையொன்றில் ஒரு தட்டை மட்டும் மாத வாடகைக்கு எடுப்பது இதற்கு ஒரு மாற்றாகும். ஹாங்காங்கில் கடையைச் சிறு கண்ணாடிப் பெட்டிகளாகப் பகுத்துப் பலருக்கு வாடகைக்கு விட்டனர். டோக்கியோ நகரத்தில் புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போசோவில், 2022-ஆம் வருஷம் திறக்கப்பெற்ற 'பாஸாஜ்' என்னும் கடையிலும் ஒவ்வொரு தட்டையும் ஒவ்வொருவர் வாடகைக்கு எடுக்கின்றனர்.

இதில் லாப நஷ்டம் எங்ஙனம் என்பதற்கு ஓர் உதாரணம் காண்க. சோப்பு ஒன்றின் அடக்கவிலை 25 ரூபாய், விற்கும் விலை 40 ரூபாய், தட்டு வாடகை மாதம் 300 ரூபாய் என்க. 20 சோப்பு விற்றால்தான் வாடகை தேறும், குறைந்தால் கைநஷ்டம். வாடகையின்றி, விற்றதில் நூற்றுக்கு 25 வீதம் கமிஷன் தருவதாயின், ஒன்றுக்கு 5 ரூபாயே மிஞ்சும். ஆயினும் விற்காத மாதத்தில் வாடகைச் சுமை இல்லை. மாதம் 30 விற்கும்போது இரு வழியிலும் லாபம் 150 ரூபாயே. ஆகவே, நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் விற்குமென்று கண்டறியும் வரையில் கமிஷன் முறையே நலம்.

வாடகை பெறும் கடைக்காரருக்குச் சரக்கு விற்றாலும் விற்காவிடினும் வருமானம் ஒன்றே. ஆதலால் தட்டெடுத்தவரே வாரந்தோறும் சென்று, தூசு துடைத்து, பழஞ்சரக்கை மாற்றிவரவேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது கணக்கு. விற்ற பணம் முதலில் கடைக்காரர் பெட்டியில் விழுகின்றது. ஹாங்காங்கில் உரியவர்க்குப் பணம் சேராமலே சில கடைகள் மூடப்பட்டதுண்டு. பிறர் பொருட்டு விற்கும் ஏஜண்டு, கேட்டபொழுது கணக்குக் காட்டவேண்டுமென 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 213-ஆம் பிரிவும், தமக்குரியதைக் கழித்து மீதியைச் செலுத்தவேண்டுமென 218-ஆம் பிரிவும் விதிக்கின்றன. எழுத்தில் ஒன்றுமில்லையேல் வழக்கை நிரூபிப்பது கடினம். ஆகையால் ஒப்படைத்த சரக்கின் ஜாபிதாவை இரு பிரதிகள் எழுதி, இருவரும் கையொப்பமிடுக. விற்காத சரக்கு செய்தவருக்கே உரியதென அதில் குறிப்பிடுக. வாரத்துக்கொருமுறை கணக்குத் தீர்த்துப் பணத்தைப் பெறுக. அங்ஙனமாயின், கடை மூட நேரினும் ஒரு வாரத்துப் பணத்துக்கு மேல் முடங்காது.

தனியே வாடகை தாங்காதவர் நால்வர் சேர்ந்து, கடைக்காரர் சம்மதத்துடன், ஒரு தட்டெடுக்கலாம். கூடித் தாங்கும்போது சுமை குறையும். கணக்கு மட்டும் அவரவர் பெயரில் தனித்தனியே இருத்தல் வேண்டும்.