நிறுத்துகிற பாகம்



ஜூன் மாதத்தில் சித்தூர்ப் பக்கம் போனால் பங்காருபாளையம், பூதலப்பட்டு, தாமலச்செருவு என்று எந்தச் சாலையிலும் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள்தான். பெரும்பாலும் தோத்தாபுரி; நாம் கிளிமூக்கு, பெங்களூரா என்று சொல்லும் காய். கூழ் ஆலைகளின் வாசலில் வரிசை நீண்டு நிற்கும். 2025-ல் வரத்து குவிந்து விலை விழுந்தபோது, ஆலை 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தந்து கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் இரண்டு நடையை ஒரு நடையாக்கி டீசலை மிச்சம் பிடிக்க நினைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். டிரெய்லரின் பக்கப்பலகையை உயர்த்துகிறார். ஆங்கிளும் தகடும் வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே வெல்டிங் மிஷினை வைத்துப் பற்றவைக்கிறார். அந்த மிஷினுக்குக் கரண்ட், வீட்டு மெயின் போர்டிலிருந்து.

போர்டு, டிரெய்லர் இரண்டையும் சேர்த்தே பேச வந்திருக்கிறேன். இரண்டிலும் நாம் செய்யும் தவறு ஒன்றுதான். சுமக்கிற பாகத்தைப் பெரிதாக்குகிறோம், நிறுத்துகிற பாகத்தை அப்படியே விட்டுவிடுகிறோம்.

முதலில் போர்டு. நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு டிவி என்று கணக்குப் போட்டு ஒயர் இழுத்த வீடுகள் நம் கிராமங்களில் ஏராளம். இன்று அதே ஒயரில் பிரிட்ஜ், கீசர், ஏசி, மாட்டுக்கொட்டகையில் புல் வெட்டும் மிஷின் எல்லாம் ஓடுகின்றன. 2,000 வாட் கீசர் ஒன்றே 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 2 குதிரைத்திறன் மோட்டார் வைத்த புல் மிஷின் ஓடும்போது ஏறக்குறைய அதே அளவு. கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. ஒயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சுவருக்குள் போன ஒயர் சூடாவது கண்ணுக்குத் தெரியாது, உறை கருகி நாற்றம் வரும்போதுதான் தெரியும்.

பியூஸ் அடிக்கடி போகிறதா, தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறோம். எம்.சி.பி. என்கிற, தானாக விழும் சுவிட்ச் விழுகிறதா, 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டச் சொல்கிறோம். எம்.சி.பி. இருப்பது அந்த ஒயரைக் காப்பாற்றத்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு முன்னால் 32 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தால், ஒயர் எரியும், எம்.சி.பி. விழாது. முறையான வேலை இப்படி: கீசருக்கும் புல் மிஷினுக்கும் மெயின் போர்டிலிருந்தே தனித்தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், அதற்குப் பொருத்தமான தனி எம்.சி.பி. வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு போதாவிட்டால், திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் விநியோகக் கழகத்துக்கு எழுதிக்கொடுத்து அதையும் உயர்த்த வேண்டும். வெல்டிங் வேலையைப் பட்டறைக்கே கொண்டுபோய்விடுவது நல்லது.

எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மனித உடம்பில் ஓடி உயிரை எடுக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அப்படி உடம்பு வழியாகக் கசிகிற மின்சாரத்தைக் கண்டுபிடித்து அறுப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற கருவி. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று பால் கறக்கிற வீட்டில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். மாட்டுக்கு மின்சாரம் நம்மைவிடச் சீக்கிரம் ஆபத்தாகும். எர்த்தும் அதே அளவு முக்கியம். ராயலசீமையின் பாறை மண் கோடையில் காய்ந்துபோனால் எர்த் குழி வேலை செய்யாது. கரியும் உப்பும் போட்ட குழிக்கு மார்ச்சிலிருந்து தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

இன்னொன்று. 2004-லிருந்து ஆந்திராவில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அதற்காக மோட்டார் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்காதீர்கள். ஒரு பேஸை எடுத்து, நியூட்ரலுக்குப் பதில் மண்ணில் கம்பி குத்தி விளக்கெரிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் மாடு கால் வைத்தாலும் பிள்ளை கால் வைத்தாலும் பலி.

இப்போது டிரெய்லர். பலகையை உயர்த்தினால் பெட்டி மட்டும்தான் பெரிதாகிறது. அச்சு, கமான் பட்டை, ஹப் பேரிங், டயர் எல்லாம் பழையவை. சரக்கு மேலே ஏற ஏற எடையின் மையமும் மேலே போகிறது, வளைவில் கவிழ்கிறது. இரண்டு சக்கர டிரெய்லர் என்றால் பாரத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்பக்கத்தில் இறங்கும். முன்னால் அதிகம் குவித்தால் மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. பின்னால் குவித்தால் கொக்கியே மேலே தூக்கப்பட்டு டிராக்டரின் பின்சக்கரம் வழுக்கும்.

எனக்குப் பெரிய கவலை பிரேக்தான். நம் டிராக்டர்களில் பொதுவாகப் பின்சக்கரங்களில் மட்டும் பிரேக். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு மிதி. உழவில் திருப்ப அது வசதி. சாலைக்கு வந்ததும் இரண்டையும் கொண்டி போட்டுப் பூட்ட வேண்டும். மறந்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். பல டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது, முழுப் பாரமும் அந்த டிராக்டரின் பிரேக்கில்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கிற தூரம் நான்கு மடங்கு. ஒயரில் பார்த்த அதே கணக்கு. பலமனேரிலிருந்து மொகிலி மலைப்பாதையில் இறங்கும்போது கியரை நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடித்து நிறுத்தாது, எல்லாம் பிரேக்கின் தலையில்தான். ஏறுகிற அதே கியரில்தான் இறங்க வேண்டும்.

டிரெய்லரில் ஆளேற்றுவதையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் பூதலப்பட்டு மண்டலத்தில் கல்யாணத்துக்குப் போனவர்களை ஏற்றிச்சென்ற டிராக்டர் கவிழ்ந்து 6 பேர் இறந்தார்கள். சரக்குப் பெட்டியில் ஆளேற்ற வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதிகப் பாரத்துக்கு 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஆகவே பெரிய பெட்டிதான் வேண்டுமென்றால், அதற்கேற்ற அச்சும் பிரேக்கும் உள்ள டிரெய்லராக வாங்கிப் பதிவு செய்யுங்கள்.

சீசன் தொடங்குமுன் கொக்கி பின்னைக் கழற்றித் தேய்மானம் பாருங்கள், பூட்டு முள்ளையும் புதிதாகப் போடுங்கள். ஹப்புக்குக் கிரீஸ் வையுங்கள். ஆலை வாசலில் இரவில் வரிசையில் நிற்கும் டிரெய்லர், பின்னால் வருகிற லாரிக்காரருக்குத் தெரிவதில்லை. டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பின்பலகைக்கு ஒரு லைன் இழுத்து இரண்டு சிவப்பு விளக்கு போடுங்கள், பலகை முழு அகலத்துக்கும் சிவப்பு ரிப்ளெக்டர் பட்டை ஒட்டுங்கள். அந்த லைனுக்கும் மறக்காமல் ஒரு சின்ன பியூஸ் வையுங்கள்.