வெள்ளவத்தையில் துரித உணவகம்: அனுமதி எங்கே, நெரிசல் எங்கே

துரித உணவகம் ஒன்றைத் திறக்க விண்ணப்பம் வந்தால், திட்டமிடல் அதிகாரி முதலில் பார்க்கவேண்டியது அதன் வாசலை. பெயர்ப்பலகை எந்த நாட்டுக் கம்பனியுடையது, உள்ளே பொரிப்பது கோழியா உருளைக்கிழங்கா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வாசலில் எத்தனை வாகனம் வந்து நிற்கும்? எந்தப் பக்கமாகத் திரும்பும்? சாமான் லொறி எத்தனை மணிக்கு வரும், எங்கே இறக்கும்?

மாலை ஆறு மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தைக் காலி வீதியில் இதன் பொருள் நன்றாகவே விளங்கும். கடை முன்றலில் நிறுத்திய கார் பின்பக்கமாக வீதிக்கு இறங்குகிறது. காவலாளி விசிலை ஊதி, கையை நீட்டி, 100ஆம் இலக்க பஸ்ஸை மறிக்கிறார். அதன் பின்னால் 101. நடைபாதையில் வந்த அம்மா மரக்கறிப் பையோடு காருக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறார். அரை நிமிட வேலைதான். ஆனால் அந்த அரை நிமிடம் கடைக்குக் கடை, காருக்குக் கார் திரும்பத் திரும்ப வருகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை அடிப்படை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்துக்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அபிவிருத்தி வேலை எதுவும் செய்யக்கூடாது என்பது 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது. அபிவிருத்தி என்றால் புதுக் கட்டடம் மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். குடியிருந்த வீட்டை உணவகமாக மாற்றுவதும் சட்டத்தின் கண்ணில் அபிவிருத்தியே. ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வேண்டும். சிறிய கட்டடங்களைக் கொழும்பு மாநகர சபை கவனிக்கிறது, பெரியவை அதிகார சபைக்குப் போகின்றன. காலி வீதி ஏ2 தர வீதி. அதன் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். சமையலறைச் சுத்தம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. நெரிசலைப் பற்றி முறையிட வந்தவர் பெரும்பாலும் பிழையான கதவைத்தான் தட்டுகிறார்.

உணவகம் எவ்வளவு வாகனத்தை இழுக்கும் என்பதைக் கணக்கிட அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியியலாளர் நிறுவனத்தின் கையேடு உலகெங்கும் புரட்டப்படுகிறது. வாகனத்திலிருந்தே வாங்கிச் செல்லும் வசதியுள்ள துரித உணவகத்துக்கு ஆயிரம் சதுர அடிக்கு மாலை உச்ச மணியில் முப்பதுக்கு மேற்பட்ட வாகனப் போக்குவரவு என்று அது கணிக்கிறது. அதே பரப்புள்ள அலுவலகத்துக்கு ஏறக்குறைய ஒன்று. இந்த முப்பதில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே அந்த வீதியால் போய்க்கொண்டிருந்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வெள்ளவத்தைக்கு இந்தக் கணக்கை அப்படியே ஒட்டமுடியாது. இங்கே நடந்து வருபவர் அதிகம். ஆட்டோவில் வருபவர் ஆட்டோவை வெளியே காக்கவைக்கிறார். 2018க்குப் பிறகு செயலி வழி உணவு விநியோகமும் பெருகிவிட்டது. கட்டளை வரும்வரை நாலைந்து மோட்டார் சைக்கிள்கள் ஒழுங்கை முனையில் நிற்கின்றன. தரிப்பிட விதிகள் காரை நினைத்து எழுதப்பட்டவை. காத்துநிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு வரைபடத்தில் பெரும்பாலும் இடமே இல்லை.

தரிப்பிட விதியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வேண்டிய எண்ணிக்கையில் தரிப்பிடம் கொடுக்க முடியாதவர், குறையும் இடங்களுக்குப் பணம் கட்டலாம் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தப் பணத்தில் அருகிலேயே பொதுத் தரிப்பிடம் எழும்பினால் ஏற்பாடு நியாயமானது. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் அதற்குக் காணி எங்கே? ஒரு குடும்பம் இருந்த வளவில் பத்து மாடி எழுந்திருக்கிறது. ஒழுங்கையின் அகலமோ அதேதான். கடலோரம் மரைன் டிரைவ் வந்தபின் அந்த ஒழுங்கைகள் குறுக்குவழிகளாகவும் ஆகிவிட்டன. தரிப்பிடத்துக்குப் பதிலாகப் பணம் வாங்குவது நெரிசலை விலைக்கு விற்பதே.

அதே கொழும்பின் வடக்கே கொட்டாஞ்சேனையின் சிக்கல் வேறு. ஜம்பட்டா வீதிப் பக்கம் துறைமுகக் கொள்கலன் வண்டியும் மொத்த வியாபார லொறியும் ஏற்கெனவே வீதியை நிரப்பியிருக்கின்றன. அங்கே வாடிக்கையாளரின் காரைவிடச் சாமான் இறக்கும் நேரமே பெரிய கேள்வி.

எதிர்ப்பவர் எதைச் சொல்லி எதிர்க்கிறார் என்பது முக்கியம். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னுக்குக் கிழக்கே டெக்கோமா என்ற சிற்றூரில் மெக்டொனால்ட்ஸ் வருவதை உள்ளூர் சபை 2011இல் மறுத்தது. 2012இல் விக்டோரிய நிர்வாகத் தீர்ப்பாயம் அந்த மறுப்பை நீக்கி அனுமதி கொடுத்தது. ஊரார் வீதியில் இறங்கிப் போராடியும் 2014இல் உணவகம் திறந்தது. ஒரு கம்பனியைப் பிடிக்காமை திட்டமிடல் சட்டத்தில் காரணமாக எடுபடாது. கொழும்பில் மெக்டொனால்ட்ஸ் 1998இல் கொள்ளுப்பிட்டியில் தொடங்கியது. 2024 மார்ச்சில் உரிம ஒப்பந்தத் தகராறில் நாட்டின் 12 கிளைகளும் மூடப்பட்டன. பெயர் ஒரே நாளில் கழன்றது. கட்டடங்களும் வாசல்களும் அங்கேயே நின்றன. வேகமாகச் சமைத்து வேகமாக விற்பது இறக்குமதிச் சரக்குமல்ல. கொத்து ரொட்டிக் கடையும் அதைத்தான் செய்கிறது, அதுவும் கூடுதல் சத்தத்தோடு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

அனுமதி கிடைத்துக் கட்டடம் முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வருகிறது. சனங்கள் வாயில் அது சீ.ஓ.சி. வரைபடத்தில் உள்ளபடி கட்டப்பட்டிருக்கிறதா என்று அப்போது பார்க்கப்படும். வழக்கமான தில்லுமுல்லு அதற்குப் பிறகுதான்: அடித்தளத் தரிப்பிடத்தில் குளிர்பதனப் பெட்டிகள் ஏறும், முன்றலில் மேசைகள் முளைக்கும். அனுமதியை மீறிய கட்டுமானத்துக்கும் பயன்பாட்டுக்கும் எதிராக, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் அதிகாரம் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உண்டு. அயலவரின் கையில் உள்ளது தகவல். காலிமுகத் திடல் தொடர்பான ஒப்பந்த விவரங்களைச் சுற்றாடல் மன்றம் ஒன்று கேட்டபோது நகர அபிவிருத்தி அதிகார சபை மறுத்தது; விடயம் வழக்கானது. 2005இல் உயர் நீதிமன்றம், பேச்சுச் சுதந்திரத்துக்குள் தகவல் பெறும் உரிமையும் அடங்கும் என்று அந்த வழக்கில் ஏற்றுக்கொண்டது. இப்போது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே இருக்கிறது. அங்கீகரித்த வரைபடத்தில் எத்தனை தரிப்பிடம், எத்தனைக்குப் பதிலாகப் பணம் கட்டப்பட்டது, போக்குவரத்துப் பாதிப்பு ஆராயப்பட்டதா, லொறிக்குக் குறித்த இடம் எது என்று எழுத்தில் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.