டெக் கட்டும் பிள்ளைகளும் டெபாசிட்டை உடைக்கும் பெற்றோரும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருவர், "பையன் கனடாவில் வீட்டுக்குப் பின்னால் டெக் கட்டுகிறானாம், கொஞ்சம் பணம் கேட்கிறான், அனுப்பலாமா?" என்று கேட்டார். நான் என் மகள் வீட்டுக் கதையைச் சொன்னேன். அதையே எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே நிற்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. முப்பத்தைந்து வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். கட்டடம் எனக்குத் தெரியாது, எஸ்டிமேட் படிக்கத் தெரியும். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டெக் என்றால் என்ன? நம் ஆலங்காயத்துப் பழைய வீடுகளில் தெருப் பக்கம் திண்ணை இருக்கும். அவர்களுக்கு அது வீட்டின் பின்பக்கம். மரத்தூண் நிறுத்தி, மரச்சட்டம் அடித்து, மேலே பலகை பாவிய மேடை. நாற்காலி போட்டு உட்காருவார்கள், அடுப்பு வைத்துச் சமைப்பார்கள். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை அதில்தான் குடும்பமே இருக்கும். மீதி மாதங்களில் பெரும்பாலும் குளிரும் பனியும்.

என் மகள் இருப்பது டொராண்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டனில். நான் போயிருந்தபோது 12 அடிக்கு 14 அடி டெக்குக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார்கள். ஒன்று மற்ற இரண்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கும் கையில் பணம் போதவில்லை. "என் டெபாசிட்டை உடைத்துத் தருகிறேன்" என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மகளுக்குச் சந்தோஷம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காலையில் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கம், ஒரே தொகை. "12 x 14 டெக், பொருளும் கூலியும் சேர்த்து" என்று ஒரு வரி. கடன் விண்ணப்பம் வந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் என்ன எழுதவில்லை என்று பார்ப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையை உட்காரவைத்து எழுதாதவற்றைப் பட்டியல் போட்டோம். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

முதலாவது, மண்ணுக்கு அடியில் போகும் செலவு. நமக்கு மார்கழி என்றால் மங்கி குல்லா போட்டுக்கொள்வதோடு சரி. அங்கே மண்ணில் இருக்கும் தண்ணீரே உறைகிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். அதோடு, உறையும் அடுக்கு கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலும் மேலும் பனிக்கட்டியாகத் தடிக்கும். மேலே எது நின்றாலும் தூக்கிவிடும். வசந்தத்தில் உருகும்போது இறக்கிவிடும். எல்லாத் தூணும் ஒரே அளவு ஏறி இறங்காததால் மேடை கோணிப்போகும். அதனால் டொராண்டோ பக்கத்தில் அஸ்திவாரக் குழி 4 அடி, அதாவது 1.2 மீட்டர் ஆழம் போகவேண்டும். குறைந்த கொட்டேஷன்காரரிடம் போன் போட்டுக் கேட்டால், தரைமேல் சிமெண்ட் கட்டை வைத்து அதன்மேல் தூண் நிறுத்துவதாகச் சொன்னார். குறைந்த விலையின் ரகசியம் அதுதான். நான்கு வீடு தள்ளி அப்படிக் கட்டிய டெக் ஒன்று இருந்தது. அதன் படிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதை நானே பார்த்தேன்.

இரண்டாவது, சுவரோடு சேர்க்கும் செலவு. அங்கே பல வீடுகளுக்கு வெளியே தெரியும் செங்கல் வெறும் முகப்புதான். பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். அந்த முகப்புச் செங்கலில் போல்ட் அடித்து டெக்கைத் தொங்கவிடக் கூடாது. சுவர்ப் பக்கமும் தனித் தூண் வரிசை வேண்டும். மகள் வீடும் அந்த வகைதான். 3 குழி என்று நினைத்தது 6 குழியானது. ஒரு அடி விட்டம், 4 அடி ஆழம் என்றால் ஒரு குழிக்கு 3 கன அடிக்குக் கொஞ்சம் மேல் கான்கிரீட். 6 குழிக்கு ஏறக்குறைய 19 கன அடி. எந்தக் கொட்டேஷனிலும் குழி எத்தனை என்ற எண்ணே இல்லை.

மூன்றாவது, பாரமும் கிராதியும். வட அமெரிக்காவில் டெக்குக்குச் சதுர அடிக்கு 40 பவுண்ட், அதாவது 18 கிலோ பாரம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். பனி அதிகம் விழும் ஊரில் இன்னும் கூட்டவேண்டும். 168 சதுர அடிக்கு மூன்று டன் ஆகிறது. உத்திரமும் சட்டமும் அதற்குத் தகுந்த கனத்தில் இருக்கவேண்டும். மேடை தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் கைப்பிடிக் கிராதி கட்டாயம். எல்லோரும் பலகையின் சதுர அடியைக் கணக்கிடுகிறார்கள், கிராதியின் நீள அடியை மறந்துவிடுகிறார்கள். படிக்கட்டும் அப்படித்தான்.

நான்காவது, அனுமதியும் வரியும். அந்த 60 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டினால் நகராட்சி அனுமதி வேண்டும். வரைபடச் செலவு, அனுமதிக் கட்டணம், குழி தோண்டிய பிறகு கான்கிரீட் ஊற்றும் முன் ஆய்வு என்று வரிசையாக வரும். குழி தோண்டுவதற்கு முன்னால் அடியில் கேஸ் குழாய், மின்கம்பி போகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒன்டாரியோ ஒன் கால் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. பணம் வேண்டாம், நாள் வேண்டும். வரி 13 சதவீதம். கொட்டேஷனில் 10,000 டாலர், "வரி தனி" என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தால் கையிலிருந்து போவது 11,300.

ஐந்தாவது, மரமும் ஸ்குரூவும். மலிவானது மருந்து ஏற்றிய பைன் வகை மரம், அடுத்தது சீடர், அதற்கும் மேல் பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த பலகை. கலப்புப் பலகைக்கு விலை அதிகம், ஆனால் பூச்சு அடிக்கவேண்டாம். மருந்து ஏற்றிய மரத்தில் செம்புச் சத்து இருப்பதால் சாதாரண ஆணி அரித்துப்போகும். நல்ல துத்தநாகப் பூச்சு உள்ளதோ எவர்சில்வரோதான் அடிக்கவேண்டும். பலகை வாங்கும்போது வெட்டுக் கழிவுக்கு 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மர விலை நிலையாக இருப்பதில்லை. 2021 மே மாதம் அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் போர்டு அடி 1,600 டாலரைத் தாண்டியது. கொரோனாவுக்கு முன் அது 400 அளவில்தான் இருந்தது. அன்று கட்டியவரும் ஒரு வருடம் பொறுத்தவரும் ஒரே விலை கொடுக்கவில்லை.

ஆறாவது, கட்டிய பிறகு வரும் செலவு. மருந்து ஏற்றிய மரத்துக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பூச்சு அடிக்கவேண்டும். பனியை இரும்பு மண்வெட்டியால் சுரண்டினால் பலகை காயப்படும், பிளாஸ்டிக் மண்வெட்டி வேண்டும். கட்டும் விலையோடு பத்து வருடப் பராமரிப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பலகை மலிவு என்று தெரியும்.

ஏழாவது, எதிர்பாராச் செலவு. குறைந்தது 10 சதவீதம், முடிந்தால் 15. மண்ணைத் தோண்டினால் பாறை வரலாம், பழைய கான்கிரீட் வரலாம். ஜவ்வாது மலையடிவாரத்தில் கிணறு வெட்டிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

ஏழு தலைப்பையும் எழுதிக் கூட்டினோம். குறைந்த கொட்டேஷன் குறைந்ததாக இல்லை. மகள் முகம் வாடிவிட்டது. "அப்பா, அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றாள். "வேண்டாம்னு சொல்லலைம்மா. அளவைக் குறைங்க, ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க" என்றேன். 12க்கு 14ஐ 10க்கு 12 ஆக்கினார்கள். 168 சதுர அடி 120 ஆனது. கிராதியும் 6 அடி குறைந்தது. மாதாமாதம் தனிக் கணக்கில் பணம் போட்டார்கள். குளிர்காலத்திலேயே வேறொருவரிடம் விவரமாகக் கொட்டேஷன் வாங்கி, அடுத்த மே மாதம் கட்டினார்கள். என் டெபாசிட் இருந்த இடத்தில் இருந்தது.

இப்போது பெற்றோர்களுக்கு மூன்று விஷயம்.

ஒன்று, டெபாசிட்டை உடைத்தால் நஷ்டம் உங்களுக்கு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது. ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள், அதற்குப் பிறகு 1 சதவீதம். அது நம் மருந்துச் செலவுக்கான பணம்.

இரண்டு, அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் முறைப்படி வங்கி வழியாக, பான் எண் கொடுத்து, நெருங்கிய உறவுக்கு அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதுவரை பணம் கையில் இருக்காது.

மூன்று, "நீங்கள் தராவிட்டால் வீட்டின் மேல் கடன் எடுக்கிறோம்" என்று பிள்ளைகள் சொல்லலாம். நம் ஊர் ஓ.டி. மாதிரி ஒன்று அங்கே உண்டு, பெரும்பாலும் வட்டி மாறும் வகை. கனடாவின் மத்திய வங்கி தன் வட்டி விகிதத்தை 2022 மார்ச்சில் இருந்த 0.25 சதவீதத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5 சதவீதமாக ஏற்றியது. மலிவு வட்டியில் மேடை கட்டியவர்கள் அந்த ஒன்றரை வருடத்தில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கலாம், ஆனால் வட்டி இரண்டு மடங்கானாலும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சிறு அட்வான்ஸ், குழிக்கு ஆய்வு முடிந்ததும் ஒரு தவணை, சட்டம் அடித்ததும் ஒன்று, முடிந்ததும் ஒன்று. கடைசியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கவேண்டும். ஒன்டாரியோவில் 10 சதவீதம் நிறுத்திவைக்கச் சட்டமே சொல்கிறது. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எழுத்தில் எஸ்டிமேட் இருந்தால், நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் அதற்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாகக் கேட்க முடியாது என்றும் அங்கே சட்டம் இருக்கிறது.

இந்த ஏப்ரலில் மகள் வீடியோ காலில் வந்தாள். பனி உருகியதும் மாப்பிள்ளை டெக்கின் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தாராம். குமிழி நடுவிலேயே நின்றது என்று எனக்குக் காட்டினார்கள். நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்க்க இன்னும் வாய்ப்பு வரவில்லை. டிக்கெட்டுக்குத் தனியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

யாருக்காவது பிள்ளைகள் அனுப்பிய கொட்டேஷன் கையில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து ஏழு தலைப்பையும் சேர்ந்து பார்ப்போம். காபி என் செலவு.