வாழ்வுக்கும் வரப்பு வேண்டும்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவ மாணவியரை முன்னிறுத்தி, அவர்தம் அன்னையரையும் தமக்கையரையும் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நன்செய் நிலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வயலையும் சுற்றி வரப்பு இருக்கிறது. அடுத்த வயலுக்கு உரியவன்மீது கொண்ட பகையினால் எவரும் வரப்புக் கட்டுவதில்லை. பாய்ந்த நீர் நின்று பயிரை வளர்க்க வேண்டும் என்பதற்காகவே கட்டுகின்றனர். அந்த வரப்பிலேயே மடையும் உண்டு. மிகுந்த நீர் அதன் வழியே அடுத்த வயலுக்குச் செல்கிறது. வரப்பில்லாத வயல் தனக்கும் உதவாது, பிறர்க்கும் உதவாது. மனித வாழ்வும் அத்தகையதே. நம் நேரத்துக்கும் உடல் வலிமைக்கும் மன அமைதிக்கும் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுதல் தன்னலம் அன்று.

ஆயினும், இவ்வெல்லையை வகுத்துக்கொள்ளும் உரிமை நம் பெண்களுக்கு எந்த அளவு கிடைத்திருக்கிறது? 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசு நாடெங்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாள் ஒன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டனர் என்று அது காட்டியது. அவ்வேலைகளில் ஈடுபட்ட ஆடவர் செலவிட்டது 97 நிமிடங்களே. மூன்றில் ஒரு பங்குதான்! அலுவலகத்துக்கும் கழனிக்கும் சென்று உழைத்துத் திரும்பும் பெண்ணையும் அடுக்களை வேலை காத்திருக்கிறது.

ஓயாத சுமை உடலை என்ன செய்யும்? ஆபத்து நேரும்போது நம் உடலில் அட்ரினலின், கார்டிசால் முதலிய சுரப்புநீர்கள் பெருகுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. ஆபத்து நீங்கியதும் அந்நிலை தணிந்துவிட்டால் தீங்கில்லை. நாள்தோறும் தணியாமலே நீடிக்குமானால் உறக்கம் கெடுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. சினமும் சோர்வும் மேலிடுகின்றன. இதனையே மன அழுத்தம் என்கிறோம்.

இப்பாடத்தை நான் நூல்களில் கற்கவில்லை. என் பிழையினால் கற்றேன். 2001-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். எங்கள் பள்ளியில் ஆசிரியை ஒருவர் பணியாற்றினார். எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும், ஐயா’ என்பார். ஆகவே எல்லாவற்றையும் அவரிடமே சொன்னேன். விடுப்பில் சென்றவர்களின் வகுப்புகள், ஆண்டு விழா, நூலகப் பொறுப்பு, இவற்றோடு அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவர் தலையில் விழுந்தன. ஒருநாள் மாலை, விளையாட்டு விழாவின் பொறுப்பையும் ஏற்குமாறு கூறினேன். அவர் சற்றே தயங்கினார், பிறகு மெல்லிய குரலில், “ஐயா, இதனை என்னால் ஏற்க இயலாது. இருக்கும் பணிகளைக் குறைவின்றிச் செய்கிறேன்” என்றார்.

எனக்குச் சினம் வந்தது. ‘பணிவு குறைந்துவிட்டதே’ என்று எண்ணினேன். அவர் சென்ற பின்னர், வேறு எவரிடம் ஒப்படைக்கலாம் என்று பார்ப்பதற்காகப் பணிப் பங்கீட்டு ஏட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயரே இருந்தது. எழுதிய கையெழுத்தோ என்னுடையது! மறுநாள் விசாரித்தபோது, தலைவலியினாலும் உறக்கமின்மையாலும் அவர் மருத்துவரிடம் சென்று வந்ததையும், வேலையையே விட்டுவிட எண்ணியிருந்ததையும் அறிந்தேன். ‘இயலாது’ என்ற ஒரு சொல்லை அன்று அவர் சொல்லாதிருந்தால், நல்லாசிரியர் ஒருவரை எங்கள் குழந்தைகள் இழந்திருப்பார்கள். பணிகளைப் பகிர்ந்தளித்தேன். அவர் தொடர்ந்து கற்பித்தார்.

‘தொண்டு செய்பவர்க்கு எல்லை ஏது?’ என்று சிலர் வினவக்கூடும். தொண்டுக்கே எடுத்துக்காட்டாக நாம் போற்றும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நோக்குவோம். செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையில் விருந்துகளுக்கும் உபசாரங்களுக்கும் தம் பொழுதை ஈந்து வாடினார். பெண்ணின் நேரத்தை எவரும் எப்போதும் குறுக்கிடலாம் என்னும் வழக்கத்தைக் கண்டித்து, 1852-ஆம் ஆண்டில் ‘கசாண்ட்ரா’ என்ற கட்டுரையை எழுதினார். 1854-இல் கிரிமியப் போரில் காயமுற்றோர்க்குப் பணிவிடை செய்யத் துருக்கி சென்றார். 1856-இல் தாயகம் திரும்பிய பின்னர் நோயுற்றார். அதன்பின் முன்னதாகக் குறித்த நேரத்தில், ஒருவர் ஒருவராகவே பார்வையாளர்களைச் சந்தித்தார். இவ்வாறு காத்த பொழுதில்தான் செவிலியர் பணி பற்றிய நூலை 1859-இல் வெளியிட்டார். 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்க வழிசெய்தார். நம் இந்திய நாட்டின் சுகாதாரம் பற்றியும் ஆராய்ந்தார். எல்லை வகுத்ததால் அவருடைய தொண்டு சுருங்கவில்லை, பெருகிற்று.

மாணவியரே, எல்லை வகுப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலாவது, கடமை எது, பிறர் சுமத்துவது எது என்று பிரித்தறியுங்கள். நோயுற்ற பாட்டிக்கு மருந்து கொடுப்பது கடமை. தோழியின் பயிற்சியேட்டை இரவெல்லாம் விழித்து எழுதித் தருவது கடமையன்று. இரண்டாவது, இயலாததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், பொய்க்காரணம் கூறாதீர்கள். “இன்று இயலாது, ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் உதவுகிறேன்” என்பது போதும். அதுவே வரப்பும் மடையும் சேர்ந்த விடை. மூன்றாவது, படிப்புக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரத்தை வீட்டாரிடம் முன்னரே தெரிவித்துவிடுங்கள். கைப்பேசியில் வரும் செய்திகளுக்கெல்லாம் அந்தக் கணமே விடை தர வேண்டுவதில்லை. ஆனால், மறுத்த பின்னும் ஒருவர் அச்சுறுத்தினாலோ தொல்லை தந்தாலோ, அது தனியே தாங்கிக்கொள்ள வேண்டியதன்று. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.

மாணவர்களே, வரப்பைக் கட்டுவது ஒருவர் வேலை. அதை மிதித்து உடைக்காமல் நடப்பது அனைவருடைய வேலை. உங்கள் அன்னையார் ‘களைப்பாக இருக்கிறது’ என்று சொல்லும் வரையில் காத்திராதீர்கள். பலர் அதைச் சொல்வதே இல்லை. இன்றிரவு உணவு முடிந்ததும் உங்கள் தட்டை நீங்களே கழுவி வையுங்கள். பிறகு அடுக்களையில் இன்னும் என்ன வேலை இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். ‘இயலாது’ என்று ஒரு பெண் சொன்னால், அதைப் பணிவின்மை என்று கருதாமல், நம் ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். அதில் நம் கையெழுத்து இருக்கக்கூடும்.