நடப்பவனுக்கும் வழி வேண்டும்

(கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றின் வாசிகசாலையிற் கூடிய கமக்காரர், ஆசிரியர், உத்தியோகத்தர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின், ஏ-9 எனப்படும் கண்டி வீதி செப்பனிடப்பட்டுக் காப்பெற் வீதியாயிற்று. குண்டுங் குழியுமாய்க் கிடந்த நாளில் ஊர்ந்து சென்ற வண்டிகள் இன்று பறக்கின்றன. இதனை நாம் வெறுக்கவில்லை. நெல்லைச் சந்தைக்கு அனுப்பவும் நோயாளியை வைத்தியசாலையிற் சேர்க்கவும் நல்ல வீதி வேண்டும். ஆயினும், காலையில் வெண்சீருடை அணிந்து அவ்வீதியோரமாக நடந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு நாம் ஒதுக்கிய இடம் எது?

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகிறது. 70 கிலோமீற்றர் வேகமாயின் 19 மீற்றருக்கு மேல். சாரதி பிள்ளையைக் கண்டு தடுப்பை மிதிக்குமுன்னரே இத்தூரம் கழிந்துவிடும். வேகம் 50 இலிருந்து 65 ஆக உயர்ந்தால், மோதுண்ட பாதசாரி உயிரிழக்கும் ஆபத்து நாலரை மடங்காகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே, ‘கவனமாகப் போய் வா’ என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது.

1984 இல் தனி மாவட்டமாகிய கிளிநொச்சியில் மாநகர சபையும் இல்லை. நகர சபையும் இல்லை. கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி என்னும் மூன்று பிரதேச சபைகளே உள்ளன. கிளிநொச்சிப் பட்டினமும் கரைச்சிப் பிரதேச சபைக்குள்ளேயே அடங்குகிறது.

வீதிகளின் பொறுப்போ பலர் கையில் இருக்கிறது. ஏ, பீ தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைக்குரியவை. வாய்க்காற் கரைகள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியவை. ஒரு பிள்ளை வீட்டுப் படலையைத் திறந்து பாடசாலை சேருமுன் இத்தனை ஆட்சிகளைக் கடக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் வீதியைப் பார்க்கின்றனர். பிள்ளையின் பயணம் முழுவதையும் பார்ப்பார் எவருமில்லை.

பார்க்கவேண்டியது பிரதேச சபையே என்பது என் கருத்து. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பொதுப் பாதைகள் பற்றிய பொறுப்பைப் பிரதேச சபைகளுக்கு அளித்திருக்கிறது. ஏ தர வீதியை அகட்டும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் ஊரவர் நடக்கும் வழி முழுவதையும் ஒரே படத்தில் வரைந்து, உரியவர் ஒவ்வொருவர் முன்னும் வைப்பதை எவரும் தடுக்கவில்லை.

அப்படத்தை வரையும் முறை எளிது. தாய்மாரும் ஆசிரியரும் நில அளவையாளர் ஒருவரும் காலையில் ஒருமுறை, இருண்டபின் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். மதகடியில் வீதியோரம் ஒடுங்கி, நடப்பவர் காப்பெற்றில் ஏறவேண்டிய இடங்களைக் குறிக்கட்டும். விளக்கில்லாத பஸ் தரிப்பிடத்தையும், மக்கள் உண்மையாகவே வீதியைக் கடக்கும் இடத்தையும் குறிக்கட்டும்.

எல்லா இடத்திலும் நகரத்து நடைபாதை வேண்டியதில்லை. வண்டி குறைந்த ஒழுங்கையில் வேகத்தடை போதும். பெருவீதியிலே வடிகாலுக்கு அப்பால் தனிப்பாதை அமைக்கலாம். இடமில்லையாயின் வடிகாலை உறுதியான பலகைக் கற்களால் மூடலாம். இரணைமடு வாய்க்காற் கரைகள் பல இடங்களில் வாகனம் குறைந்த இயற்கைப் பாதைகளாகவே உள்ளன. பற்றையை வெட்டிக் கிரவல் பரப்பி, வாய்க்காலைக் கடக்குமிடத்தில் கைபிடியுள்ள சிறுபாலம் இட்டால் அவை பயன்படும். ஆனால் அணை சிதையாதிருக்கவும், சிறுவர் நீரில் விழாதிருக்கவும் கமக்கார அமைப்புகளின் ஆலோசனையுடனேயே இதனைச் செய்தல் வேண்டும். பெருவீதியைக் கடக்குமிடத்திலோ கடவைக் கோடு மட்டும் காவலாகாது; வண்டி அங்கே வேகங் குறையும்படி வீதியை அமைத்தல் வேண்டும்.

நம் குற்றத்தையும் சொல்லவேண்டும். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல்லைப் பரப்புகிறோம். பிள்ளை நடுவீதிக்கு இறங்குகிறது. நெல் உலர்த்தத் தளம் இல்லாத குறையை நானறிவேன். அத்தளத்தையும் இதே படத்திற் சேர்த்துக் கேட்போம். படித்தவராகிய உத்தியோகத்தர் தம் மோட்டார் வண்டியை நடக்குமிடத்தில் நிறுத்துவதும், கடைக்காரர் சாமானை வெளியே அடுக்குவதும் இதனினும் சிறிய பிழையல்ல.

2023 மார்ச்சு மாதத்தில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. ஈராண்டுக்கு மேலாக நம் சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. 2025 மே மாதத் தேர்தலில் நாம் வாக்களித்து அவர்களை அனுப்பினோம். அவர்கள் முன் வைக்கும் முதற் கோரிக்கைகளில் இதுவும் ஒன்றாகட்டும். கூடுதல் அதிகாரம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அக்கோரிக்கையை நாம் கைவிடப்போவதில்லை. அதே வேளையில், கையிலுள்ள சிறு அதிகாரத்தால் ஒரு பிள்ளையைப் பத்திரமாகப் பாடசாலைக்குக் கொண்டுசேர்த்துக் காட்டுவோமாயின், நம் கோரிக்கையின் வலிமை பெருகும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டுப் படலையிலிருந்து பாடசாலை வரையுள்ள வழியை ஒரு தாளில் வரைந்து கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.