பத்தாம் எண் நெடுஞ்சாலை



பொருள்வயிற் பிரிவு என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் பாலை நிலம் விரியும். அமெரிக்காவின் தென் மாநிலமாகிய டெக்சாஸில் அப்பிரிவு இன்றும் நாள்தோறும் நிகழ்கின்றது. பிரிந்து செல்பவர் லாரி ஓட்டுநர். அவர் கடக்கும் சுரம் பத்தாம் எண் நெடுஞ்சாலை.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி எழுந்த மாநிலங்களிடைச் சாலைகளுள் கிழக்கு மேற்காகச் செல்வன இரட்டை எண்ணும், வடக்கு தெற்காகச் செல்வன ஒற்றை எண்ணும் பெறும். மெக்சிகோ எல்லையிலுள்ள லரேடோவிலிருந்து வடக்கே ஏறுவது 35. கால்வெஸ்டனையும் டாலஸையும் இணைப்பது 45. பத்தாம் எண் சாலையோ எல் பாசோ அருகே டெக்சாஸினுள் நுழைந்து, சான் அன்டோனியோ, ஹூஸ்டன் வழியாக லூசியானா எல்லையை அடைவதற்குள் 880 மைல் ஓடிவிடுகிறது. ஏறத்தாழ 1,416 கிலோமீட்டர். மைற்கற்கள் மேற்கெல்லையில் தொடங்கிக் கிழக்கு நோக்கி எண்ணப்படுகின்றன.

கிழக்கே செல்லும் ஓட்டுநர் சியரா பிளாங்காவைக் கடந்து வான் ஹார்னை அடையுமுன் ஊர்க் கடிகாரம் ஒரு மணி முன்னே தாவிவிடும். அவருடைய பணிக்குறிப்போ அவர்க்குரிய தாய்நிலையத்தின் நேரத்தையே கணக்கிடும். சட்டப்படி 10 மணி நேரம் ஓய்ந்த பின்னரே வண்டியை எடுக்கலாம். எடுத்தபின் 14 மணி நேரத்திற்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். முன்பு இதனைத் தாளில் எழுதினர். அக்குறிப்பேட்டிற்கு ஓட்டுநர்களே வைத்த பெயர் 'காமிக்ஸ் புத்தகம்'. கற்பனை மிகுந்தது என்பதனால்! 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளில் மின்னணுக் கருவி வந்துவிட்டமையால் அவ்விலக்கியம் அருகிவிட்டது.

சொல்லாக்கத்தில் இவர்கள் கவிஞர்க்கு இளைத்தவரல்லர். வானொலிப் பேச்சில் நெடுஞ்சாலைக் காவலர் 'கரடி'. காட்டுத்தீத் தடுப்பு விளம்பரத்துக் கரடியின் தொப்பியை அவர்தம் தொப்பி ஒத்திருப்பதே காரணம். எடைநிலையம் 'கோழிக்கூடு'. பின்வண்டி கழற்றப்பட்ட முன்வண்டி 'குட்டைவால்'.

நகைப்பு இவ்வளவில் நிற்கட்டும். சரக்கு இறக்குமிடத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தாலும் அந்த 14 மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மைல் கணக்கில் கூலி பெறுபவர்க்கோ நிற்கும் வண்டி சோறு போடாது. நேரம் முடிந்தபின் நிறுத்த இடமும் கிடைக்காவிடில்? 2009 மார்ச் மாதத்தில், மற்றொரு தென் மாநிலமாகிய தென் கரோலினாவில், குறித்த நேரத்திற்கு முன்னரே வந்துவிட்ட ஓட்டுநர் ஒருவர், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையம் ஒன்றில் வண்டியை நிறுத்தி இளைப்பாறினார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்றவன் கவர்ந்து சென்றது 7 டாலர். வீட்டில் மனைவி இரட்டைக் கருவைச் சுமந்திருந்தார்.

பாலைப் பாட்டின் தலைவி காத்திருப்பாள். இப்பெண்மணியோ சட்டமன்றப் படியேறினார். லாரி நிறுத்துமிடங்கள் போதுமானவையா என ஒவ்வொரு மாநிலத்திலும் ஆராய வகைசெய்யும் சட்டம் 2012-இல் அவருடைய கணவரின் பெயர் தாங்கி வந்தது. குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. டெக்சாஸின் ஓய்விடங்கள் நிரம்பிய இரவுகளில், நெடுஞ்சாலையை விட்டிறங்கும் வழியோரத்தில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. திரையிழுத்த பின்னறையில் ஓட்டுநர் உறங்குகின்றார். ஓரடி அப்பால் மற்ற வண்டிகள் விரைந்துகொண்டிருக்கின்றன.